பீலுக்கு நான் என்ன துரோகம் செய்தேன்?

போலீஸ் வரலாறு பற்றி நான் வகுப்பில் சொன்னதைத் திட்டி யாரோ போட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். நன்றி. ஆமாம், "பிள்ளைகளுக்குப் போலீஸ் மேல் வெறுப்பு ஊட்டும் டீச்சர்" நான்தான்.

வகுப்புச் சுவரில் 'ராபர்ட் பீலின் 9 கோட்பாடுகள், 1829' என்று ஒரு சார்ட். பீல், லண்டன் போலீஸைத் தொடங்கிய பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர். அந்த ஒன்பதையும் பீல் எழுதவில்லை, இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்ற போலீஸ் வரலாற்றாசிரியர் தொகுத்தது என்றேன். அவ்வளவுதான். சரி, அவ்வளவு மட்டும் இல்லை. அயர்லாந்தையும் சொன்னேன்.

பீலை மட்டம் தட்டினேனா? 1829 செப்டம்பர் 29 அன்று லண்டன் தெருவில் இறங்கிய காவலர்களுக்கு ராணுவச் சிவப்பு வேண்டாமென்று நீலக் கோட்டு கொடுத்ததைச் சொன்னேன். திருடனைப் பிடிப்பதற்கு முன் திருட்டே நடக்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதையும் சொன்னேன். படையில் ஒன்றாம் எண் கொடுக்கப்பட்ட காவலருக்கே, குடித்திருந்ததால் அன்றைக்கே வேலை போனது என்றதும் வகுப்பே சிரித்தது.

அதே பீல்தான் 1814-இல் அயர்லாந்தில் ஆயுதம் ஏந்திய போலீஸ் படை அமைத்தார். அங்கே வளர்ந்த முறையைப் பார்த்துத்தான் 1857-க்குப் பிறகு இங்கே 1861 போலீஸ் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1859-லேயே தனிச் சட்டம். நமக்கு வந்தது லண்டன் போலீஸ் இல்லை, அயர்லாந்து போலீஸ். இதைச் சொல்லாமல் "நவீனக் காவல்துறையின் தந்தை" என்று எழுதிப்போட்டுவிட்டு நான் பெல் அடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

"சிலபஸில் இருக்கிறதா?" சார்ட் இருந்ததா? "லண்டனிலும் ஆரம்பத்தில் மக்கள் போலீஸை வெறுத்தார்களே?" வெறுத்தார்கள், நியாயமான கேள்வி, அதற்கு இன்னொரு பீரியட் வேண்டும். "போலீஸ் இல்லாமல் ராத்திரி வீட்டுக்குப் போவாயா?" போக மாட்டேன். அதற்கும் 1861-க்கும் என்னங்க சம்பந்தம்?

சைக்கிள் திருட்டுப் போனபோது அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்குப் பத்து வயது. படிக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டு தானாகக் கக்கத்துக்குப் போனது. புகார் எழுத ஒரு குயர் பேப்பர் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தோம். மீதிப் பேப்பரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அப்பா அதன் பிறகு நடந்தேதான் மில்லுக்குப் போனார். வெறுப்பு ஊட்டினேனாம். அவர் கடைசிவரை அவர்களை ஐயா என்றுதான் சொன்னார்.

சார்ட் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. 1829-ஐ மட்டும் யாரோ பென்சிலால் அடித்திருக்கிறார்கள். நான் அடிக்கச் சொல்லவில்லை, சத்தியமாக.