ஜெல்லும் நீரிழிவும்
"நீண்ட தூரம் ஓடும்போது சர்க்கரை ஜெல் (சக்திக்காக ஓட்டத்தின் நடுவே சாப்பிடும் இனிப்புக் கூழ்) எடுப்பவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும்" என்று இந்தக் கட்டுரை பொத்தாம்பொதுவாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். 25 கிராம் மாவுச்சத்துள்ள ஜெல்லை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் 25-ஆவது கிலோமீட்டரில் சாப்பிடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல. ஜெல் எடுத்தால் வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்; அதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். குடல் குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உள்ளே விடும், மிச்சம் குடலிலேயே தங்கி நீரை இழுத்துக் கலக்கிவிடும். ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரைக்குக் குடலில் தனி வழி இருப்பதால் இரண்டும் கலந்தால் மணிக்கு 90 கிராம் வரை தாங்கும். அதுவும் பயிற்சி ஓட்டங்களில் மணிக்கு 30, 45, 60 கிராம் என்று வாரக்கணக்கில் ஏற்றிப் பழக்கினால்தான். நம் வெள்ளைச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்: ஒரு மணி நேரத்துக்கு 60 கிராமை முக்கால் லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்போடு கரைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கால் பங்கு குடித்தால் போதும். கட்டுரை தொடவே இல்லாத ஆபத்து பல்லுக்குத்தான்! வாய் உலர்ந்திருக்கும்போது ஜெல்லின் புளிப்பும் இனிப்பும் பல்லில் ஒட்டி அதன் மேல்பூச்சான எனாமலை அரிக்கும். ஒவ்வொரு ஜெல்லுக்குப் பிறகும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள், ஓடி முடித்த உடனே பல் தேய்க்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். ஓட்டமில்லாத நாளிலும் இதே பானத்தைக் குடிப்பவர்களுக்கு வேண்டுமானால் கட்டுரையின் எச்சரிக்கை பொருந்தும்.