வெறும் சுவருக்கு முன்னால் ஒன்பது நிமிடம்

2014இல் ஒரு கல்யாண மண்டபம். நாற்பது ஆசிரியர்களை வட்டமாக உட்காரவைத்து, "இன்னைக்கு என்ன பேசலாம்னு நீங்களே சொல்லுங்க. தாள்ல எழுதிச் சுவர்ல ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன். வட்டத்தின் நடுவே தரையில் வெள்ளைத் தாள்களும் ஸ்கெட்ச் பேனாக்களும் கிடந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். பின்பக்கம் ஒருவர் செல்போனை எடுத்தார். இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை.

ஒன்பதாவது நிமிடம் என்னால் தாங்க முடியவில்லை. நானே ஒரு தாளை எடுத்து 'வகுப்பறையில் செல்போன்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். அவ்வளவுதான். நாற்பது பேரும் நிம்மதியாக அந்த ஒரே தலைப்பில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் வரை நான் பேசினேன், அவர்கள் குறிப்பெடுத்தார்கள். போகும்போது "ரொம்பப் பிரயோஜனமா இருந்துச்சு சார்" என்று கைகுலுக்கினார்கள். அந்தக் கூட்டத்தைக் கெடுத்தவன் நான்தான் என்று எனக்கு உறைப்பதற்கு ரொம்ப நாளாயிற்று.

வந்தவர்களே தலைப்பு போட்டு, பிடித்த தலைப்பில் குழுகுழுவாக உட்கார்ந்து பேசும் இந்த முறைக்கு ஓப்பன் ஸ்பேஸ் என்று பெயர். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1983இல் ஒரு வருடம் பாடுபட்டுப் பெரிய மாநாடு ஒன்றை நடத்தினார். முடிந்தபின் விசாரித்தால், எல்லோருக்கும் பிடித்தது காபி இடைவேளைதானாம். மனிதர் நொந்துபோனார். ஆனால் அதிலேயே ஒரு யோசனையும் பிறந்தது: முழு மாநாட்டையும் காபி இடைவேளை மாதிரி நடத்தினால் என்ன? மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தபோது அவர் பார்த்த நாலு நாள் சடங்கும் நினைவுக்கு வந்திருக்கிறது. அதை ஏற்பாடு செய்ய ஒரு கமிட்டியும் கிடையாது, ஆனாலும் அது தானாக நடந்தது. 1985இல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் முதல் முறையாகச் செய்துபார்த்தார். நிகழ்ச்சி நிரல் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்தவர்கள் மூன்று நாளுக்கான நிரலைத் தாங்களே சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். இரண்டு மார்ட்டினி உள்ளே போனபோது தோன்றிய யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்மூரில் இதைச் சொல்லித் தொடங்கினால் ஆசிரியர் கூட்டத்துக்கு அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள், அதனால் நான் சொல்வதில்லை.

கணினித் துறை நண்பர்களுக்கு இதன் பங்காளி முறை பழக்கம்தான். 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய பார்கேம்ப் என்ற கணினிக்காரர் கூட்டம் அடுத்த வருடமே சென்னைக்கும் வந்துவிட்டது. பேச வருபவரே அன்று காலை தன் தலைப்பை எழுதி ஒட்டுவார்.

கேட்க எளிதாக இருக்கும். நம்மிடம் இடிக்கிற இடம் வேறு. ஓப்பன் ஸ்பேஸில் சட்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, இரண்டு கால் சட்டம். நீ இருக்கிற குழுவில் நீ கற்றுக்கொள்ளவும் இல்லை, உன்னால் பிறருக்கு உபயோகமும் இல்லை என்றால், எழுந்து வேறு குழுவுக்குப் போ. இதை நான் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், ஒருவரும் எழ மாட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும் முன் எழுவதையே மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போவதாவது! செத்தாலும் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் கண்டுபிடித்த குறுக்குவழி டீ. குழுக்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு, மூன்று பெரிய ஃபிளாஸ்க் வைத்துவிடுவேன், நாள் முழுக்க. எழுகிறவர் டீ குடிக்க எழுகிறார், யாரையும் அவமதிக்கவில்லை. திரும்பி வரும்போது வேறு குழுவில் உட்கார்ந்தால் யார் கணக்கெடுக்கப்போகிறார்கள்? ஓவன் இப்படிச் சுற்றுகிறவர்களை வண்டு என்றார், ஒரு குழுவின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதால். எந்தக் குழுவிலும் சேராமல் டீ மேஜையிலேயே நிற்பவர்கள் பட்டாம்பூச்சிகள். அவர்களைச் சுற்றியும் நாலு பேர் கூடிவிடுவார்கள்.

அந்த ஒன்பது நிமிடத்தை நான் ஒழுங்காகக் கடந்தது சத்தியமங்கலம் பக்கம், விவசாயிகள் கூட்டம் ஒன்றில். அழைத்தவர்கள் கொடுத்த பொதுப் பொருள் இயற்கை விளைபொருளுக்குச் சந்தை. வழக்கம்போல மௌனம். நான் சன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து, ஏழு, பத்து. பதினோராவது நிமிடம் வாக்கில் அறுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார்: 'நிலத்தை யாருக்கு உட்டுட்டுப் போறது?' வாசித்துக் காட்டும்போது குரல் கொஞ்சம் ஆடியது. அதற்குப் பிறகு தாள் போதவில்லை.

ஒரு அக்கா மட்டும் நடுவுக்கு வராமல் என்னைச் சைகையில் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு எழுத வராது. ராத்திரிக் காவல்னு எழுது." கடலைக் காட்டுக்குப் பன்றி வருகிறது, காவலுக்கு ஆள் இல்லை, கண்விழித்து உடம்பு கெட்டுவிட்டது. இதுதான் விஷயம். சந்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அமைப்பாளர் முகம் கேட்டது. நான் எழுதிக் கொடுத்தேன், அக்காவே போய் ஒட்டினார். அந்தக் குழுவுக்கு வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள், மாற்றி மாற்றி முறை வைத்துக்கொள்வது என்று முக்கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டு எழுந்தார்கள். முடிந்தால் முடிந்தது என்பது இந்த முறையின் கொள்கைகளில் ஒன்று. நாம்தான் மூன்று மணிக்கு முடிய வேண்டியதை நன்றியுரை வைத்து ஐந்துக்கு இழுப்போம். பெரியவரின் குழு மாறாக வேப்பமரத்தடியில் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி ஓடியது. நான் போய்க் கேட்கவில்லை. போயிருந்தால் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

இந்த வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்கிறார்கள், நெறியாளர் என்கிறார்கள். என்னைக் கேட்டால் டவுன் பஸ் கண்டக்டர்தான் சரி. ஏற்றிவிடலாம், இடம் சொல்லலாம், விசில் அடிக்கலாம். ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

ஓவனோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 'வந்தவர்கள் எவரோ அவர்களே சரியானவர்கள்' என்பது அவருடைய இன்னொரு கொள்கை. வந்த நாலு பேரை வைத்து வேலையைப் பார், வராத நாற்பது பேரை நினைத்துப் புலம்பாதே என்ற அளவில் சரி. ஆனால் நம்மூரில் வராதவர்கள் ஏன் வரவில்லை? கூட்டம் நடந்த தெருவுக்குள் வர அவர்களுக்குத் தயக்கமா? பால் கறக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தோமா? இவற்றை முதல் நாளே கேட்காமல், வட்டமாக நாற்காலி போட்டுவிட்டதாலேயே எல்லோரும் சமம் என்று நினைப்பது சோம்பேறித்தனம். வட்டத்திலும் மேல் கீழ் உண்டு. தலைவர் எந்த நாற்காலியில் உட்கார்கிறாரோ அந்தப் பக்கம் தானாக மேடையாகிவிடும்.

கிராம சபையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் வருடம் நாலு முறை கூடிக்கொண்டிருந்தது, 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆறானது. கூட்டப் பொருள் பட்டியல் மேலிருந்து வருகிறது, ஊர்க்காரர் பேச வந்த விஷயம் 'இதர பொருட்கள்' என்று கடைசியில் நிற்கிறது. அதற்குள் வெயில் ஏறிவிடும், பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரவு செலவு படிக்கத்தான் வேண்டும். இதர பொருட்களை முதலில் எடுங்கள் என்கிறேன். ஒரே ஒரு தடவை தலைகீழாக நடத்திப் பாருங்கள்.

போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். ஓப்பன் ஸ்பேஸ் வேண்டுமாம். எல்லாம் பேசி முடித்தபின், "முதல் மூணு டாபிக் மட்டும் எங்க டைரக்டர் குடுத்துடுவார் சார். மத்தது ஃப்ரீதான்" என்றார் அந்தப் பெண். முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டவர்கள் இந்த முறையைத் தொடவே கூடாது. ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் போதும், டீச் செலவாவது மிச்சம். அதை நாசூக்காகச் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், "டைரக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். ஆனா யாருமே எதுவும் எழுதலேன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சன்னல் இருக்கிற ஹாலா பாத்துப் போடுங்கம்மா" என்றேன்.