ரெக்கார்டு கடையில் எதைத் தேடுவது?

ரெக்கார்டில் கேட்டால்தான் பாட்டு, மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று அடித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இப்போது புதிதாக அச்சடித்து வரும் எல்.பி.க்களில் (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுகள்) பல, டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து எடுக்கப்பட்டவைதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து, போனில் இருக்கும் அதே பாட்டை ஊசி வழியாகக் கேட்கிறோம். ஆசையிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் பழைய ரெக்கார்டு கடைக்குப் போனால் போனில் வராததைத் தேட வேண்டும் என்பது என் கட்சி.

போன சனிக்கிழமை அண்ணா சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடிக்கடைக்குப் போயிருந்தேன். முதலாளியும் அவரே, சிப்பந்தியும் அவரே. அங்கிருந்த நேரத்தில் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ராஜா சார் இருக்கா?" இளையராஜா பாட்டுகளை வெளியிட்ட எக்கோ கம்பெனியின் எண்பதுகளின் தட்டுகளை அவர் தனியாக மேசைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். விலையை வெளிநாட்டு இணையதளத்தைப் பார்த்துச் சொல்கிறார். அங்கே டாலரில் விற்பதற்கும், இங்கே கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் தேய்ந்த தட்டுக்கும் ஒரே ரேட்டா? கேட்டேன். சிரித்தாரே தவிர குறைக்கவில்லை.

தேய்ந்தது என்று சும்மா சொல்லவில்லை. உறையைத் திருப்பினால் ஏதோ ஒரு ஊர் சவுண்டு சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்ப், பாட்டு வரிசையில் பால்பாயிண்ட் டிக். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்குத் தெரியும், ஹிட் பாட்டு இருக்கும் பக்கம்தான் முதலில் போகும். மறுபக்கம் புத்தம் புதிதாக இருக்கும்.

மேசைக்கு அடியில் இருந்த பெட்டிகளை யாரும் தொடவில்லை. சினிமாக் கதை வசனத் தொகுப்புகள், நாகூர் ஹனிபா, கிறிஸ்தவப் பாடல்கள், அப்புறம் அடுக்கடுக்காக 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் காலத்துத் தட்டுகள். அதிலிருந்து ஒரு நாதஸ்வரத் தட்டை எடுத்தேன். லேபிளைப் பாதி பூச்சி அரித்திருந்தது. வாசித்தவர் பெயர் போய்விட்டது. கடைக்காரர் அதை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துக் கீறல் பார்த்தார், பிறகு ஊசியை மாற்றினார். 78-இன் பள்ளம் எல்.பி.யுடையதைவிட அகலம்; எல்.பி. ஊசியைப் போட்டால் அது அடியில் போய் உரசிக் குப்பைச் சத்தம்தான் வரும். இதைச் செய்யாத கடையில் 78 வாங்காதீர்கள்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூட. அதற்குள் ராகத்தைக் காட்டி முடித்தாக வேண்டும். ராத்திரி முழுக்க வாசித்துப் பழகியவர்கள் இந்த மூன்று நிமிடத்துக்கு எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று கேட்பதே ஒரு பாடம். நான் காம்போதி என்றேன், கடைக்காரர் ஹரிகாம்போதி என்றார். வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

1933-இல் முப்பது வயதைத் தொடாமலே போய்விட்ட நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரலை இன்று யூடியூபில் கேட்கிறோம் என்றால், யாரோ ஒருவர் தட்டை உடையாமல் காத்து, ஓடவிட்டு, ஏற்றியிருக்கிறார். எல்லாத் தட்டுக்கும் அப்படி ஒருவர் வாய்த்துவிடவில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது பழைய ரெக்கார்டு தேடுகிறவர்களின் பெரிய சந்தையே போயிற்று. மிச்சம் பரண்களில் இருக்கிறது. நம்ம ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துக்கொண்டு.

பூஞ்சை என்றதும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கத் தோன்றும். 78-ஐ அப்படித் துடைத்தால் தொலைந்தது. அது அரக்கில் செய்தது, ஆல்கஹாலில் கரையும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, லேபிளில் ஈரம் படாமல். அவ்வளவு போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். காயலான் கடைக்காரர் கொடுப்பதைவிடக் கூடவே கொடுக்கிறேன். ரெக்கார்டை வெட்டிச் சுவர்க் கடிகாரம் செய்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம்.