ஸ்லை ஸ்டோனுக்கு 6.1 போட்டவர்களுக்கு

மாதம் ஒரு ஆல்பம் கேட்டு, பாட்டுக்குப் பாட்டு மார்க் போடும் நம் கூட்டத்தில் சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் அந்த மார்க் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. அமெரிக்கப் பாடகர் ஸ்லை ஸ்டோனின் இசைக்குழுவான ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் 1971-ல் வெளியிட்ட 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' ஆல்பத்துக்கு நாம் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது பத்துக்கு 6.1. 'ரன்னின் அவே' 9. 'ஆஃப்ரிக்கா டாக்ஸ் டு யூ' 3. கடைசிப் பாட்டுக்கு 4, பக்கத்திலேயே "இழுவை" என்று ஒரு குறிப்பு. தலைப்புப் பாட்டுக்கு 0.

அந்தப் பூஜ்யம் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. எல்பி இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசியாகப் பெயர் போட்டிருக்கிற அந்தப் பாட்டின் நீளம் 0:00. ஒரு நொடிகூடக் கிடையாது. கேட்க ஒன்றுமில்லை, அதனால் மார்க்கும் இல்லை என்று போட்டீர்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பூஜ்யத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துச் சராசரி எடுத்தீர்கள். "இது ஏன் இப்படி இருக்குன்னு ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டேன். "அண்ணனுக்கு ஸ்லை தும்மினாலும் பத்துதான்" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தீர்கள். அடுத்த பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குச் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். 1970 ஜூலையில் சிகாகோ கிரான்ட் பார்க்கில் ஸ்லையின் இலவசக் கச்சேரி கலவரத்தில் முடிந்தது. 'கலவரம் நடந்துகொண்டிருக்கிறது' என்ற இந்தத் தலைப்பு அதைப் பற்றியது என்று பல வருஷம் பலர் நம்பினார்கள். 1997-ல் ஸ்லையே வாய் திறந்தார். கலவரமே இருக்கக் கூடாது என்று நினைத்தேன், அதனால்தான் அதற்கு நேரம் கொடுக்கவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். கலவரத்துக்கு ஒரு நொடிகூடத் தர மாட்டேன் என்ற மனுஷனுக்கு நாம் பூஜ்யம் போட்டிருக்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த ஆல்பம் நம்மைக் குஷிப்படுத்த மறுக்கிற ஆல்பம். தெரிந்தே மறுக்கிறது. குஷிப்படுத்தவில்லை என்று அதற்கு மார்க் குறைப்பது என்ன நியாயம்?

இதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். நம் ஃப்ரீமான்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வலேஹோவில் வளர்ந்தவர். சான் பிரான்சிஸ்கோ வானொலியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் ஒரே மேடையில் நிற்கும் இசைக்குழுவை அறுபதுகளில் கட்டினார். தங்கை ரோஸ் கீபோர்டு, தம்பி ஃப்ரெடி கிட்டார், சிந்தியா ராபின்சன் டிரம்பெட், ஜெரி மார்ட்டினி சாக்ஸ், கிரெக் எரிகோ டிரம்ஸ், பேஸ் கிட்டாரில் லாரி கிரஹாம். கட்டைவிரலால் பேஸ் தந்தியை அடித்து வாசிக்கும் முறை என்றாலே இன்றைக்கும் லாரி கிரஹாம் பெயரைத்தான் சொல்கிறோம். 1969-ல் 'எவ்ரிடே பீப்பிள்' முதலிடம். அதே வருஷம் ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழா, விடிவதற்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை எழுப்பி ஆட வைத்தார்கள்.

அப்புறம் நிறைய உடைந்தது. கச்சேரிகளுக்கு ஸ்லை வரவில்லை. வந்தாலும் நேரத்துக்கு வரவில்லை. புது ஆல்பம் எங்கே என்று கம்பெனி நச்சரித்தது. தராததால் 1970-ல் பழைய ஹிட் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. எரிகோ விலகிப் போனார். லாஸ் ஏஞ்சல்ஸின் பெல் ஏர் பகுதியில் ஒரு பங்களாவில் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து, டிரம்மருக்குப் பதிலாக மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்ற தாளப் பெட்டியைத் தட்டிவிட்டு, அதன்மேல் தானே ஒவ்வொன்றாக வாசித்து, பாடி, அழித்து, மறுபடி பாடி... அந்த டேப் தேய்ந்தே போய்விட்டது. 1971 நவம்பரில் ஆல்பம் வந்தபோது அந்தத் தேய்மானமும் கூடவே வந்தது. நீங்கள் "ஒலி மோசம், 2 மார்க் கழிப்பு" என்று எழுதினீர்களே, அது இதுதான்.

ஒலி கலங்கியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 'ஃபேமிலி அஃபேர்' எடுத்துக்கொள்ளுங்கள். தாளப் பெட்டி டிக் டிக் என்று ஒட்டாமல் ஓடுகிறது. பில்லி பிரஸ்டனின் மின்பியானோ எங்கோ பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது. ரோஸ் மட்டும் பல்லவியைத் தெளிவாகப் பாடுகிறார். அண்ணன் குரலோ படுக்கையிலிருந்து எழாமலே பேசுகிறவன் குரல் மாதிரி அடித்தொண்டையில் கிடக்கிறது. ஒரே அம்மா பெற்ற இரண்டு பிள்ளைகள், ஒன்று படிக்கிறது, இன்னொன்று உருப்படாமல் போகிறது, அம்மாவுக்கு இரண்டும் பிள்ளைதான். இதைப் பளிச்சென்ற குரலில், பித்தளை வாத்தியங்கள் முழங்கப் பாடியிருந்தால் உங்களிடம் பத்து வாங்கியிருக்கும், நான் ஒருதரம் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். இத்தனை சோர்ந்த பாட்டு அந்த டிசம்பரில் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருந்தது. ஆல்பமும் முதலிடம். அந்த ஜனங்களுக்குப் புரிந்தது ஐம்பது வருஷம் கழித்து நல்ல ஸ்பீக்கரும் கையுமாக உட்கார்ந்திருக்கிற நமக்குப் புரியாதா?

கடைசிப் பாட்டுக்கு "இழுவை" என்று எழுதிய தம்பிக்கு: அது 1970 தொடக்கத்தில் முதலிடம் போன அவருடைய சொந்த 'தேங்க் யூ' பாட்டுதான். அந்த கிட்டார் துண்டைப் பின்னால் பாடகி ஜேனட் ஜாக்சன் 'ரிதம் நேஷன்' பாட்டில் எடுத்துப் போட்டார், அதைக் கேட்டால் நீயும் எழுந்து ஆடுவாய். இரண்டு வருஷம் ஆவதற்குள், உலகமே ஆடிய தன் பாட்டை அவரே எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஏழு நிமிஷத்துக்கு மேல் இழுக்கிறார். இழுவைதான். இழுக்க வேண்டும் என்றுதான் இழுக்கிறார். ஊர் கைதட்டிய தன் வெற்றியையே அப்படிக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு?

"ரசனை அவரவர் விருப்பம், சும்மா ஜாலிக்குத்தானே மார்க்" என்பீர்கள். சரி. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். 'ஸ்பேஸ்டு கவ்பாய்'-ல் அவர் கௌபாய் மாதிரி ஊளையிட்டுப் பாடுவது எனக்கே எல்லா நாளும் ஒத்துக்கொள்ளாது.

"போதையில் செய்ததை எல்லாம் கலை என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டதைத்தான் என்னால் விட முடியவில்லை. போதை இருந்தது. அவர் வாழ்க்கையை அது தின்றது, அதை அவரே தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். ஆனால் போதை பாட்டு எழுதாது. எழுதுமானால் அந்த வருஷம் கலிபோர்னியாவில் ஆயிரம் ஸ்லைகள் இருந்திருப்பார்கள். உயிரற்ற ஒரு தாளப் பெட்டியை வைத்து, ஆட வைக்கும் தாளமே உயிரான ஃபங்க் இசையைச் செய்யலாம் என்று காதால் கண்டுபிடித்தது மனுஷன். ஜாஸ் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1973-ல் தன் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு 'ஸ்லை' என்றே பெயர் வைத்தார். போதைக்கா வைத்தார்?

நான் முன்பு ஒரு ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். கூட வேலை பார்த்த ஒரு அம்மா, கறுப்பினத்தவர், ஓக்லன்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் என் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்ததைக் கேட்டு, "இதை எங்கிருந்து பிடிச்ச?" என்றார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய அண்ணன் வியட்நாமிலிருந்து திரும்பி வந்தாராம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இந்த ரெக்கார்டையே போட்டுக்கொண்டிருப்பாராம். ரெக்கார்டு கெட்டுப்போயிருக்கிறது, கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வா என்று அவர்கள் அம்மா சத்தம் போடுவாராம். "கெட்டுப்போனது ரெக்கார்டு இல்லைன்னு அண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தது" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை "ஒலி மோசம்" என்று கேட்டபோது எனக்கு அந்த வீடு ஞாபகம் வந்தது. இதைச் சொல்லத்தான் அன்றைக்கு வாய் திறந்தேன்.

"நமக்கும் 1971 அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம், பாட்டைப் பாட்டாகக் கேட்டால் போதாதா?" என்று எழுதப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பாட்டைப் பாட்டாகக் கேட்கத்தான் நான் சொல்கிறேன். நீங்கள் எதிர்பார்த்தது 1969-ல் வந்த 'ஸ்டாண்ட்!' ஆல்பத்துக் காலத்து ஸ்லையை. சிரிக்கிற, குதிக்கிற, எல்லோரையும் கைகோக்க வைக்கிற ஸ்லை. அவர் இந்த ஆல்பத்தில் இல்லை என்று கோபம். மனுஷனுக்குத் தளர்ந்துபோக உரிமை கிடையாதா? ஊருக்கு ஒருமுறை சிரித்துக் காட்டிவிட்டால் ஆயுசுக்கும் சிரிக்க வேண்டுமா?

அம்மா போய், திருநெல்வேலியில் காரியம் முடிந்து திரும்பி வந்த வருஷம், நம் கூட்டத்துக்கு நான் வந்தும் அதிகம் பேசாமல் இருந்தேன். "என்னண்ணே, பழைய கலகலப்பே இல்லியே" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். அன்பில் கேட்டீர்கள், தெரியும். ஆனால் கேட்கக் கேட்க, கலகலப்பாக இருந்தால்தான் எனக்கு இங்கே இடம் என்று தோன்றியது. அந்தக் குளிர்காலம் முழுக்க சான் பிரான்சிஸ்கோ ஹெய்ட் தெருவின் அமீபா இசைத்தட்டுக் கடையில் வாங்கிய பழைய எல்பியில் இந்த ஆல்பம்தான் ஓடியது. சிரி என்று அது என்னைக் கேட்கவே இல்லை. '(யூ காட் மீ) ஸ்மைலின்' என்ற பாட்டில்கூட அந்தச் சிரிப்பு அகப்பட்டுக்கொண்டவனின் சிரிப்பு. அதற்கு நீங்கள் போட்ட மார்க் 5.

2025 ஜூன் 9 அன்று, 82 வயதில் ஸ்லை போனார். அன்று நம்மில் பலர் இரங்கல் எழுதினோம், "மேதை" என்று எழுதாதவர் இல்லை. எல்லோரும் வுட்ஸ்டாக் படத்தைத்தான் போட்டார்கள். இந்த ஆல்பத்தின் அட்டையை யாரும் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும், நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சூரியன்களுமாக ஒரு அமெரிக்கக் கொடி. மனித ரத்தத்துக்காகச் சிவப்பு என்று அவரே விளக்கியிருக்கிறார். எல்லாருடைய ரத்தமும் ஒரே நிறம் என்று சொல்கிறவர், இருட்டிலிருந்தும் அதையேதான் சொல்கிறார். குஷியான காலத்தில் சொன்னதைவிட இப்போது சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

அடுத்த மாதம் ஸ்லையின் அடுத்த ஆல்பமான 'ஃப்ரெஷ்' என்று முடிவாகியிருக்கிறதாம். 1973. டிரம்ஸுக்கு ஆண்டி நியூமார்க் என்று ஒரு மனுஷன் வந்து உட்கார்ந்துவிடுகிறார், உங்களுக்கும் பிடிக்கும். நான் வருவேன், மார்க் போட மாட்டேன். என் பெயருக்கு நேரே இருக்கிற கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிறுத்தி நிறுத்தி எழுத வேண்டாம், ஒரு பக்கம் முழுதாக ஓடட்டும். டர்ன்டேபிளை நானே காரில் எடுத்துவருகிறேன்.