சிக்னல்ல ஆஃப் பண்ணா பெட்ரோல் அதிகமா போகுமா?

"சிக்னல்ல வண்டிய ஆஃப் பண்ணாதீங்க, திரும்ப ஸ்டார்ட் பண்ணா ரெண்டு நிமிஷத்து பெட்ரோல் போயிடும்"னு வேலூர் வாட்ஸ்அப் குரூப்ல சுத்திட்டு இருக்கு, இது தப்புங்க. சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக ரொம்ப கொஞ்சம் பெட்ரோல்தான் வேணும், சுமார் 10 செகண்டுக்கு மேல நின்னாலே ஆஃப் பண்றதுதான் லாபம். சோக் இழுத்து உதைச்ச காலத்து பேச்சு இது, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புகை கட்டுப்பாட்டு விதி வந்தப்புறம் புது பைக்கெல்லாம் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார் பாத்து பெட்ரோல அளந்துதான் விடும். பேட்டரி வீக்கான பழைய வண்டின்னா மட்டும் யோசிங்க.

இதுக்குத்தான் கவுண்ட்டவுன் டைமர் எல்லா சிக்னல்லயும் வேணும்னு சொல்றேன், 60 காட்டுனா ஆஃப் பண்ணலாம், 5 வந்ததும் ஸ்டார்ட் பண்ணலாம். டைமர் இல்லன்னா எப்ப பச்சை விழும்னு தெரியாம வேலூர் கிரீன் சர்க்கிள் ஜங்ஷன் வெயில்லயும் சும்மா முறுக்கிட்டேதான் நிப்பாங்க.