ஆனைக் கெண்டையை நாம் எண்ணவே இல்லை

காவிரியில் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய ஒரு மீன் உண்டு. கூன் போட்டது போல முதுகு உயர்ந்திருக்கும், துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மஹ்சீர் என்னும் பெரிய ஆற்றுக் கெண்டை வகையைச் சேர்ந்தது, தமிழில் ஆனைக் கெண்டை. 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று ஏறக்குறைய 54 கிலோ! காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது.

வெள்ளைக்காரத் துரைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தேடி வந்து தூண்டில் போட்ட மீன் இது. ஆனால் இது எந்த இனம் என்பது 2018 வரை தீர்மானமாகவில்லை. காவிரியின் துணையாறான கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீன்களை வைத்து 2007இல் 'டோர் ரெமாதேவி' என்று ஓர் இனத்தை விவரித்திருந்தார்கள். மீன் ஆய்வாளர் ரெமாதேவியின் பெயரை வைத்தது. நீலகிரிப் பக்கத்து மாயாற்றில் மிஞ்சியிருந்த கூன்முதுகு மீன்களை ஆராய்ந்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்று புரிந்தது. பெயர் உறுதியான அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பிறந்த சான்றிதழோடு சேர்த்தே ஐசியூ அனுமதிச் சீட்டும் வந்தது போல. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அணை, மணல் கொள்ளை, வெடி போட்டு மீன் பிடிப்பது, இதெல்லாம் நமக்குத் தெரிந்த காரணங்கள். என்னை உறுத்துவது வேறொன்று. மஹ்சீர் குறைகிறதே என்று நல்ல எண்ணத்தோடுதான் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் குஞ்சு பொரித்து ஆறுகளில் விட்டார்கள். காவிரிக்கும் வந்தன. ஆனால் அவை நீலத்துடுப்பு மஹ்சீர், காவிரிக்கு அந்நியம். அவை பெருகப் பெருக, கூன்முதுகு மீன் தூண்டிலில் சிக்குவது அருகிக்கொண்டே போனது. பார்ப்பவர்களுக்கோ ஆறு நிறைய மஹ்சீர்! எல்லாவற்றையும் ஒரே பெயரில் எண்ணியதால், உள்ளூர்க்காரன் காணாமல் போனது கணக்கிலேயே ஏறவில்லை.

இன்றும் ஆற்றில் மீன்குஞ்சு விடும் படங்களுக்கு மனமாரக் கைதட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். இனி அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், அது எந்த மீன், எந்த ஆற்றில் பிடித்த தாய்மீனின் குஞ்சு என்று கீழே கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பவும் கேளுங்கள். மாயாற்றில் ஆனைக் கெண்டை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.