காற்றுப் பை சுமை வரம்பைக் கூட்டாது

பழைய ஸ்டேஷன் வேகனில் பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை போட்டால் 200 கிலோ கூடுதலாக ஏற்றலாம் என்று சொல்லப்படுகிறது. அது சரியில்லைங்க. தொங்கிப்போன பின்பக்கத்தைப் பை தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக் தாங்கும் அளவு மாறாது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிக்கொண்டு மதுரை வரை ஓட்டுகிறவர்கள், வண்டி மட்டமாக நிற்பதைப் பார்த்து இதை நம்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்களே சோதிக்கலாம். எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி, பையில் காற்று அடிக்கும் முன்னும் அடித்த பின்னும் எடை போடுங்கள், ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். அப்புறம் டயரின் பக்கவாட்டில், அளவை அடுத்து வரும் சுமைக் குறியீட்டு எண் 88 என்று இருந்தால் ஒரு டயருக்கு 560 கிலோதான் உச்சம். பின் அச்சின் வரம்பு இரண்டு பின் டயர்களும் சேர்ந்து தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், வண்டிக் கையேட்டைப் பாருங்கள்.